ஈயமா, கல்சியம்-நாகமா, வெள்ளீயமா: பி.வி.சி. குழாய்க்கு எந்த உறுதியாக்கி?

யாழ்ப்பாணத்தில் பி.வி.சி. பிளாஸ்ரிக்கை உருக்கிக் குழாயாகத் தள்ளும் ஓர் எக்ஸ்ரூடர் இயந்திரத்தை வைத்து, மின்வயர் ஓடும் கொண்டியூற் குழாயோ, கிணற்று மோட்டருக்குப் பூட்டும் தண்ணீர்க் குழாயோ, கூரைப் பீலியிலிருந்து இறக்கும் குழாயோ இழுக்க எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இயந்திரம் பூட்டியாயிற்று, மூலப்பொருளான பி.வி.சி. தூளுக்கு, அதாவது றெசினுக்கு, ஆள் பிடித்தாயிற்று, சூட்டில் அது சிதையாமல் காக்கும் ஈயம், கல்சியம்-நாகம் (துத்தநாகம்), வெள்ளீயம் என்ற மூன்று வகை உறுதியாக்கிகளுக்குக் கொழும்பு வணிகர் விலை அனுப்பியிருக்கிறார்; எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. கிலோக் கணக்கில் விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. பக்கத்துப் பட்டறைக்காரர் போடுவதையே போடுபவர்கள் அதைவிட அதிகம். இரண்டுமே பிழையாகப் போகக்கூடிய வழிகள். உறுதியாக்கி தனித்து வேலை செய்வதில்லை. றெசினின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில், அது உற்பத்தியாகும்போதே புகுந்துவிட்ட கட்டமைப்புக் குறைகளோடுதான் அது மல்லுக்கட்டுகிறது. அந்தக் குறைகள் எவை, எத்தனை, பட்டறையில் நாமே அவற்றைக் கூட்டுகிறோமா என்பதைப் பார்த்த பிறகே விலைப் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும்.

## வெப்பம் எங்கே தொடங்குகிறது

பி.வி.சி. எனப்படும் பொலிவைனைல் குளோரைட்டின் சங்கிலியைத் தாளில் வரைந்தால் மிக ஒழுங்காக இருக்கும்: ஒரு காபனில் இரண்டு ஐதரசன், அடுத்த காபனில் ஓர் ஐதரசனும் ஒரு குளோரீனும், பிறகு மீண்டும் அதே வரிசை. அந்த ஒழுங்கை ஒத்த சிறு மூலக்கூறுகளைத் தனியே செய்து சூடாக்கிப் பார்த்தால், குழாய் இழுக்கும் வெப்பநிலையில் அவை அசைவதில்லை. ஆனால் மூட்டையில் வரும் உண்மையான பி.வி.சி. தூள், உறுதியாக்கி இல்லாவிட்டால், 100 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டியதுமே ஐதரசன் குளோரைட்டை மெல்லக் கக்கத் தொடங்குகிறது. நாமோ அதை 170 முதல் 200 பாகை வரை சூடாக்கி இழுக்கிறோம். இந்த இடைவெளிக்குக் காரணம் தாளில் வரையப்படாத பகுதிகள்.

வைனைல் குளோரைட்டு சுயாதீன மூலிகத் தாக்கத்தால் சங்கிலியாகும்போது எல்லா அலகுகளும் ஒரே முறையில் சேர்வதில்லை. சில வேளை ஓர் அலகு தலைகீழாகச் சேர, குளோரீன் அணு ஒன்று பக்கத்துக் காபனுக்கு இடம் மாற, குளோரோமெதைல் கிளை ஒன்று முளைக்கிறது. ஆயிரம் அலகுகளுக்கு நான்கைந்து என்ற அளவில் இவை காணப்படும். எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பதால் இவையே பெரிய குற்றவாளி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிளைவிடும் காபனில் குளோரீன் இல்லாததால் இவை பெரும்பாலும் தீங்கற்றவை. தீங்கு செய்வன இரண்டு வகை. முதலாவது, வளரும் முனை திரும்பிவந்து தன் சங்கிலியிலிருந்தோ பக்கத்துச் சங்கிலியிலிருந்தோ ஓர் ஐதரசனைப் பறிக்க, ஏற்கெனவே குளோரீன் இருந்த காபனில் கிளை முளைப்பதால் உண்டாகும் புடைக் குளோரீன். இரண்டாவது, சங்கிலியின் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு அமைந்து, அதன் அருகே தொங்கும் அல்லைல் குளோரீன்.

ஒன்றுக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தால் அல்லைல் குளோரீனே விரைவில் கழன்று போவது. ஆனால் வணிகத் தரப் பி.வி.சி.யில் அது ஆயிரம் அலகுகளுக்கு ஒன்றில் சிறு பின்ன அளவே இருக்க, புடைக் குளோரீன் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆகவே புதிய றெசினில் தொடக்கப் பொறுப்பு பெரும்பாலும் புடைக் குளோரீனுடையது. சுவீடனின் கோதன்பர்க்கிலுள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் யெர்ட்பெரி, சோர்விக் ஆகியோரும், அமெரிக்காவில் பெல் ஆய்வகங்களிலும் பின்னர் வில்லியம் அன்ட் மேரி கல்லூரியிலும் ஸ்டார்ன்ஸும் இந்தக் கணக்கை விரிவாக நிறுவியவர்கள். குளோரீனை எல்லாம் ஐதரசனாக மாற்றிவிட்டு, எஞ்சிய காபன் எலும்புக்கூட்டைக் காந்தப் பரிவு நிறமாலையில் பார்த்துக் கிளைகளை எண்ணியதுதான் ஸ்டார்ன்ஸ் கையாண்ட வழி. ஒழுங்கான அலகுகளும் அவற்றின் இடவமைப்பைப் பொறுத்து ஓரளவு சிதைவைத் தொடங்கக்கூடும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் முற்றாக ஓயவில்லை. பட்டறையில் நமக்குத் தேவையான அளவுக்கு, குறைகளே முதற்பொறுப்பாளிகள் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

ஒரு குளோரீன் கழன்றதும் அங்கே ஓர் இரட்டைப் பிணைப்பு வருகிறது, அதனால் அடுத்த அலகின் குளோரீன் அல்லைல் குளோரீனாகிவிடுகிறது, அதுவும் கழல்கிறது. அரிசிச் சாக்கின் வாய்த் தையலில் சரியான நூல்முனையைப் பிடித்து இழுத்தால் வாய் முழுவதும் அவிழ்ந்துவிடுவதைப்போல, ஒரு குறை இருந்த இடத்திலிருந்து சங்கிலி வரிசையாக அவிழ்கிறது. அடுத்தடுத்து ஆறேழு இரட்டைப் பிணைப்புகள் சேர்ந்ததும் அவை ஒளியை உறிஞ்சி மஞ்சள் காட்டும். வரிசை நீள நீளச் செம்மஞ்சள், சிவப்பு, கபிலம், கறுப்பு. வெளியேறும் ஐதரசன் குளோரைட்டு அடுத்த சுற்றுக்கு ஊக்கியாகிறது என்பது இதைவிட மோசம். பி.வி.சி.யின் நிறையில் ஏறத்தாழ 58 வீதம் ஐதரசன் குளோரைட்டாக வெளியேறக்கூடியது என்பதை நினைவில் வைத்தால், பொருள் உருகும் இரும்பு உருளையான பரலுக்குள் என்ன நடக்கக்கூடும் என்பது விளங்கும்.

இது பி.வி.சி.க்கு மட்டும் உரிய கதையன்று. கடை விளம்பரப் பலகைக்கு வாங்கும் அக்கிரிலிக் தகடான பொலிமெதைல் மெதக்கிரிலேற்றை எடுத்தால், சுயாதீன மூலிக முறையில் செய்தது மூன்று கட்டங்களில் சிதைகிறது: ஏறத்தாழ 165 பாகையில் தலைக்குத் தலை சேர்ந்த பிணைப்புகள், 270 பாகையில் இரட்டைப் பிணைப்புள்ள சங்கிலி முனைகள், 360 பாகையில்தான் ஒழுங்கான சங்கிலி. 1986இல் கஷிவாகியும் உடனாய்வாளர்களும் இதைக் காட்டினார்கள். அயனி முறையில் குறையின்றிச் செய்த அதே பல்பகுதியம் 360 பாகையை அண்டும்வரை பெரிதாக அசைவதில்லை. வைனைல் குடும்பத்தில் எதைத் தொட்டாலும், உறுதி குறைந்த சில புள்ளிகளே முழுப்பொருளின் வெப்பத் தாங்குதிறனைத் தீர்மானிக்கின்றன.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

மேலே சொன்னதிலிருந்து அளவுகோல்கள் தாமே கிடைக்கின்றன. ஓர் உறுதியாக்கி மூன்று வேலைகளில் எவற்றைச் செய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்: குறையிடத்தில் இருக்கும் நிலையற்ற குளோரீனை மாற்றி வேறொரு கூட்டத்தை வைக்கிறதா, வெளியேறிய அமிலத்தை விழுங்குகிறதா, வளர்ந்துவிட்ட இரட்டைப் பிணைப்பு வரிசையை வெட்டுகிறதா. முதல் வேலை முக்கியமானது என்பதை 1959, 1960 ஆண்டுகளில் பிரையும் ஹோர்ஸ்டும் காட்டினார்கள். அதற்கு முன்பு உறுதியாக்கி என்றால் அமிலம் குடிப்பது என்றே பொதுவாக எண்ணப்பட்டது. அடுத்த கேள்வி, வேலை முடிந்தபின் உறுதியாக்கி எந்தக் குளோரைட்டாக மாறுகிறது, அந்தக் குளோரைட்டு சும்மா இருக்குமா என்பது. இந்தக் கேள்வியை வணிகர் சொல்லமாட்டார். ஆனால் பாதித் தீர்ப்பு இதில்தான் இருக்கிறது.

மிச்சம் உங்கள் இடத்தைப் பொறுத்தவை. மின்சாரம் நின்று, உருகிய பொருள் பரலுக்குள் அப்படியே தேங்கினால் எவ்வளவு நேரம் தாங்கும்? வெட்டுத்துண்டையும் பழைய குழாயையும் அரைத்துச் சேர்த்தால் ஒத்துப்போகுமா? குழாய் வழியே குடிதண்ணீர் போகுமா? இவற்றோடு, கிலோ விலையை விட்டு, ஒரு மீற்றர் குழாய்க்கு விழும் செலவு.

## முதலில் றெசினும் அரைத்த துண்டும்

உறுதியாக்கிக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு இது. றெசின் மூட்டையில் கே-பெறுமானம் என்று ஓர் எண் இருக்கும். குழாய்க்குரியது 65 முதல் 68 வரை. அச்சில் ஊற்றும் முழங்கை, டீ போன்ற பொருத்துகளுக்கு 57 முதல் 60 வரை. வயர் உறைக்கு 70 அளவில். இந்த எண் சங்கிலியின் நீளத்தைக் காட்டுகிறது. கே குறைந்த றெசின் கூடிய வெப்பநிலையில் பல்பகுதியாக்கப்பட்டது. அந்த வெப்பநிலையில் கிளைவிடலும் கூடுவதால் புடைக் குளோரீனும் கூடும். உருக எளிது என்பதற்காகக் கே 57 மூட்டையை மலிவாக வாங்கிக் குழாய் இழுக்க முயல்பவர், குழாயின் வலிமையை இழப்பதோடு கூடுதலான குறையிடங்களையும் சேர்த்தே வாங்குகிறார்.

எண்ணில் தெரியாத இன்னொன்றும் உண்டு. தாக்கக் கலத்தில் ஒருபகுதியம் (சங்கிலியின் அலகாகும் வைனைல் குளோரைட்டு வாயு) ஏறக்குறையத் தீரும்வரை தாக்கத்தை இழுத்தடித்தால், வளரும் முனைகளுக்குச் சேர்வதற்கு அலகு கிடைக்காமல் அவை சங்கிலிகளையே தாக்குகின்றன. புடைக் குளோரீனும் உள்ளக இரட்டைப் பிணைப்பும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ஏறுகின்றன. நல்ல உற்பத்தியாளர் அதற்கு முன்பே நிறுத்தி எஞ்சிய வாயுவை மீட்டெடுப்பார். இது மூட்டையில் அச்சிடப்படுவதில்லை. முடிவில் சொல்லும் அடுப்புச் சோதனையில் மட்டுமே வெளிப்படும்.

அரைத்த துண்டு வேறொரு வகைச் சிக்கல். ஒருமுறை பரலுக்குள் போய்வந்த பி.வி.சி.யில் உறுதியாக்கியின் ஒரு பகுதி செலவாகிவிட்டது. அதோடு குறையின் இயல்பும் மாறிவிட்டது. புதிய றெசினில் புடைக் குளோரீன் ஓங்கியிருக்க, அரைத்ததில் ஏற்கெனவே அவிழத் தொடங்கிய சங்கிலிகள் இருப்பதால் அல்லைல் குளோரீன் கூடியிருக்கும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் இதுதான் நிலை. ஆறேழு பிணைப்புகளுக்குக் குறைந்த வரிசைகள் நிறம் காட்டுவதில்லை. கூரையில் வெயில் தின்ற பழைய குழாயை அரைப்பவர்கள், ஒளியால் உண்டான குறைகளையும் சேர்த்தே இயந்திரத்தின் தீன்வாயான ஹொப்பரில் போடுகிறார்கள். சொந்த வெட்டுத்துண்டை அன்றே அரைத்துச் சிறு அளவில் சேர்ப்பது வேறு; ஊர்ப் பழைய இரும்புக்காரரிடம் வாங்கிய குழாய்களை அரைத்துச் சேர்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்பவருக்குக் கீழே வரும் ஒப்பீடு முழுவதும் தலைகீழாகலாம்.

## ஈய உறுதியாக்கி

முக்கார ஈய சல்பேற்று, இருகார ஈய ஸ்ரியரேற்று ஆகியவற்றின் கலவைகள்தான் பொதுவாக இந்தப் பெயரில் வருகின்றன. அவற்றின் தலையாய வேலை அமிலத்தை விழுங்குவது. குறையிடத்துக் குளோரீனை மாற்றுவதில் அவை அவ்வளவு சுறுசுறுப்பானவை அல்ல. ஆதலால் தொடக்க நிறம் தூய வெள்ளையாக இராது. ஆனால் விழுங்கி முடித்தபின் உண்டாகும் ஈயக் குளோரைட்டு கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது, சிதைவை ஊக்குவதில்லை. ஆகவேதான் ஈயம் போட்ட கலவை மெல்ல மெல்லச் சாம்பல் பூத்து, நீண்ட நேரம் தாங்கி, இயக்குபவரின் பல பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. மின்சாரம் நின்றாலும் உடனே கருகாது. பழைய பட்டறைக்காரர்கள் ஈயத்தை விடத் தயங்குவதற்கு இது நியாயமான காரணம்.

ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் சிறியவை அல்ல. குழாயில் கிடக்கும் ஈயத்தைவிட, கலவை நிறுக்கும் மேசையில் பறக்கும் தூள்தான் முதலில் ஆளைப் பிடிக்கும். அது உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளையும் சேரும். புதிய குழாயின் உட்புறத்திலிருந்து தொடக்கத்தில் ஈயம் கூடுதலாகக் கழுவப்பட்டு, பிறகு குறையும். எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது, அது குழாயை அவ்வளவு அரிக்காது என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. பீலிக் குழாய் வழியே தாங்கியில் சேரும் மழைநீர் மென்மையானது, சற்று அமிலத்தன்மை உள்ளது. அதற்கு அந்த ஆறுதல் பொருந்தாது. மலக்குழிப் பக்கம் போகும் குழாயில் ஐதரசன் சல்பைட்டு பட்டால் ஈய சல்பைட்டு உண்டாகி உட்சுவர் கறுக்கும். அது அழகுக் குறைதான் என்றாலும் வாங்கியவர் கருகிய குழாய் தந்தீர்கள் என்று திரும்பி வருவார்.

சந்தையும் மாறிவிட்டது. ஐரோப்பியப் பி.வி.சி. உற்பத்தியாளர்கள் 2015 இறுதியோடு ஈயத்தைத் தாமாகவே கைவிட்டார்கள். மீள்சுழற்சிப் பொருட்கள் சிலவற்றுக்கு விலக்குடன், 2024 நவம்பரிலிருந்து அங்கே சட்டமும் தடுக்கிறது. இந்தியா 2021இல் பி.வி.சி. குழாய்களில் ஈய உறுதியாக்கிக்கு எதிரான விதிகளை அறிவித்தது. புதிதாகத் தொடங்குபவர் ஈயத்தில் தொடங்க எந்தக் காரணமும் இல்லை என்பது என் தீர்ப்பு. பழைய ஈயக் குழாய்களை அரைத்தே தொழில் நடத்துபவர் அதைக் கொண்டியூற், மண்ணுக்குள் போகும் கழிவுக் குழாய் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, குடிதண்ணீர்க் குழாய் இழுக்கும் நாட்களில் அந்த மூட்டையை அண்ட விடக்கூடாது.

## கல்சியம்-நாகம்

இன்று பெரும்பாலானோர் வந்து சேரும் வழி இது. கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டியதும் இதுவே. இதில் இரண்டு உலோகங்களுக்கும் வெவ்வேறு வேலைகள். நாகக் காபொட்சிலேற்று (நாகத்தின் கொழுப்பமில உப்பு) குறையிடத்துக்கு விரைந்துபோய் அல்லைல் குளோரீனை அகற்றித் தன் அமிலக் கூட்டத்தை அங்கே வைத்து, அவிழும் சங்கிலியை அந்த இடத்திலேயே நிறுத்துகிறது. அதனால்தான் தொடக்க நிறம் மிக வெண்மையாக இருக்கிறது. ஆனால் அதற்குக் கைமாறாக நாகம் நாகக் குளோரைட்டாக மாறுகிறது. நாகக் குளோரைட்டு வலிமையான லூயிஸ் அமிலம், அதாவது இலத்திரன் சோடியை வாங்கும் பொருள். ஐதரசன் குளோரைட்டு வெளியேறுவதை அது மும்முரமாக ஊக்கும். கல்சியக் காபொட்சிலேற்று அங்கே வந்து குளோரீனைத் தான் வாங்கிக்கொண்டு நாகத்தை மீண்டும் பழைய உருவுக்குத் திருப்புகிறது. கல்சியம் குளோரைட்டு தொல்லை தருவதில்லை. கல்சியம் தீரும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அது தீர்ந்த நிமிடத்திலிருந்து நாகக் குளோரைட்டு தேங்க, கலவை முன்னறிவிப்பின்றி வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் பாய்கிறது. தொழிலில் இதை நாக எரிவு என்கிறார்கள்.

நல்ல கலவைகளில் இந்தப் பாய்ச்சலைத் தள்ளிப்போட வேறு துணைகளும் சேர்க்கப்பட்டிருக்கும்: நாகக் குளோரைட்டைப் பிடித்துவைக்கும் பென்ராஎரித்திரிற்றோல் போன்ற பல்ஐதரொட்சிச் சேர்வைகள், அமிலத்தை உள்வாங்கும் ஐதரோரால்சைற்று, தொடக்க நிறத்தைக் காக்கும் பீற்றா-இருகீற்றோன், மென்பொருட்களுக்கு எபொட்சியேற்றிய சோயா எண்ணெய். ஆகவே கல்சியம்-நாகம் என்பது ஒரே பொருளின் பெயரன்று. இரண்டு வணிகர்கள் ஒரே பெயரில் தரும் இரண்டு தூள்கள் தாங்கும் நேரத்தில் பெரிதும் வேறுபடலாம். மலிவானதில் விடப்படுவது பெரும்பாலும் இந்தத் துணைகளே.

நமது இடத்தில் இதன் பலவீனம் மின்தடை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மாரிக் காற்றில் லைன் அறுந்து போவது புதிதல்ல. பொருளைத் தள்ளும் ஸ்குரூ நின்றதும் பரலின் இரும்பு தன் சூட்டை உள்ளேயுள்ள பொருளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிறகு குழாய்க்கு வடிவம் தரும் டையைக் கழற்றினால் வாசலில் பாலாடை நிறம், அதற்குள்ளே பழுப்பு வளையம், அதற்கும் உள்ளே, பொருள் சுற்றித் தேங்கும் மூலைகளில், ஸ்குரூ உளியால் கிண்ட வேண்டிய கரிக்கட்டி. மூக்கைக் கரிக்கும் அமில நெடி. துடைத்து வைத்த உருக்கு மறுநாட் காலையில் துருவேறி நிற்கும். ஈயம் போட்டவருக்கு அரைநாள் வேலையாக முடிவது இவருக்கு ஒருநாள் வேலையாகிறது. ஜெனரேற்றர், அல்லது மின்சாரம் நின்றதும் கையால் சுழற்றிப் பரலைக் காலி செய்யும் ஏற்பாடு, அல்லது குறைந்தபட்சம் பொலித்தீன் அடிப்படையிலான துப்புரவுப் பொருள் கையிருப்பு, இவற்றின் செலவைக் கல்சியம்-நாகத்தின் விலையோடு சேர்த்தே எழுத வேண்டும். துப்புரவுக்கு என்று எந்தப் பிளாஸ்ரிக்கையும் போட்டுவிடவும் கூடாது. அசெற்றால் என்னும் பொலிஒட்சிமெதிலீன் பி.வி.சி.யின் அமிலத்தோடு சேர்ந்தால் போமல்டிகைட்டு வாயுவாகச் சிதைந்து வெடிக்கும் அளவுக்குப் போகலாம்.

இன்னும் இரண்டு செலவுகள். இந்தத் தூள்கள் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் இழுத்த குழாயின் உட்சுவரில் கொப்புளம் தெரியும். அடுத்தது அரைத்த துண்டு. அரைத்ததில் அல்லைல் குளோரீன் கூடியிருப்பதால் நாகம் அதன்மேல் விரைவில் செலவாகி, நாகக் குளோரைட்டாகத் தேங்கி, எரிவு முந்திவிடுகிறது. ஆகவே அரைத்த துண்டைக் கூட்டுபவர் உறுதியாக்கியையும் கூட்ட வேண்டும். வெறுமனே நாகம் மிகுந்த கலவையைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். அரைத்த பங்கு கூடும்போது கல்சியமும் துணைகளும் மிகுந்த கலவையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், புதிய றெசினில் தண்ணீர்க் குழாய் இழுப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. குடிதண்ணீர்க் குழாய்க்கு உரிய தரச் சான்றுள்ள கலவையை வாங்கி, வெப்பநிலையைக் கட்டுக்குள் வைத்து, சொந்த வெட்டுத்துண்டோடு நிற்பவருக்கு நாக எரிவு வாழ்நாளில் வராமலே போகலாம்.

## வெள்ளீயம்

சேதன வெள்ளீய மேர்கப்ரைட்டுகள் (கந்தகம் கொண்ட வெள்ளீயச் சேர்வைகள்) மேலே சொன்ன மூன்று வேலைகளையும் செய்கின்றன: குறையிடத்துக் குளோரீனை மாற்றுகின்றன, அமிலத்தை விழுங்குகின்றன, அதில் பிறக்கும் மேர்கப்ரன் இரட்டைப் பிணைப்புகளில் சேர்ந்து நிறம் தரும் வரிசையை வெட்டுகிறது. உண்டாகும் வெள்ளீயக் குளோரைட்டும் நாகக் குளோரைட்டைப்போல மூர்க்கமானதன்று. கண்ணாடிபோல் தெளிவான குழாயோ தகடோ வேண்டுமானால் இதற்கு நிகரில்லை. அமெரிக்காவில் குழாய்த் தொழில் நெடுங்காலமாக மெதைல் வெள்ளீயத்தையே நம்பியிருக்கிறது. அங்கே நல்ல இரட்டை ஸ்குரூ இயந்திரத்தில் நூறு பங்கு றெசினுக்கு அரைப் பங்கு அளவே போதுமாகிறது.

அந்த அரைப் பங்குதான் விலைக் கணக்கைக் குழப்புவதும். கல்சியம்-நாகம் நூற்றுக்கு மூன்று பங்கு போடும் இடத்தில் வெள்ளீயம் அரைப் பங்கு போதுமானால், கிலோ விலை ஆறு மடங்காக இருந்தாலும் மீற்றர்ச் செலவு சமமாகிறது. ஆனால் பழைய ஒற்றை ஸ்குரூ இயந்திரத்தில் பொருள் நெடுநேரம் நிற்பதால் அரைப் பங்கு போதாது. ஒன்று, ஒன்றரை என்று ஏற, கணக்கு உடைந்துவிடும். வெள்ளீயம் திரவம், வழுக்கும் தன்மையும் தராது. மெழுகு, கல்சியம் ஸ்ரியரேற்று ஆகியவற்றைத் தனியே நிறுத்துச் சேர்க்க, சூடேறும் வேக மிக்சர் வேண்டும். நெடி இருக்கும், கொட்டிலுக்குள் காற்றோட்டம் இல்லாவிட்டால் வேலையாள் நிற்கமாட்டார். மேர்கப்ரைட்டு வகைகள் வெயிலுக்கும் அவ்வளவு நல்லவை அல்ல. மொட்டைமாடியில் கிடக்கப்போகும் குழாய்க்கு வெயிலை மறைக்கும் வெள்ளைப் பொடியான ரைற்றேனியம் ஈரொட்சைட்டைத் தாராளமாகப் போட வேண்டிவரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஈயத்தோடு இதைக் கலக்க முடியாது. மேர்கப்ரைட்டிலுள்ள கந்தகம் ஈயத்தைச் சந்தித்ததும் கறுப்பு ஈய சல்பைட்டு உண்டாகும். ஹொப்பரில் தெரியாமல் விழுந்த ஒரு கைப்பிடி பழைய ஈயக் குழாய்த் துண்டு, பால்வெள்ளைக் குழாயில் சாம்பல் கீற்றுகளாக ஓடும். அதைப் பார்த்துப் பொருள் கருகுகிறது என்று எண்ணி வெப்பநிலையைக் குறைப்பவர் தவறான இடத்தில் திருத்துகிறார். ஊர்க் குழாயை அரைப்பவருக்கு வெள்ளீயம் ஆகாது.

## பி.வி.சி.யையே விட்டுவிட்டால்

சிலர் கேட்பதால் ஒரு வார்த்தை. அடர்த்தி கூடிய பொலித்தீனில் குளோரீன் இல்லை. அவிழும் சங்கிலியும் இல்லை. அங்கும் இரட்டைப் பிணைப்புள்ள முனைகளும் ஒட்சியேறிய இடங்களும் குறைகளாக இருந்து சங்கிலிகளைப் பிணைக்கவோ அறுக்கவோ செய்கின்றன. ஆனால் சிறிதளவு ஒட்சியேற்ற எதிரி போதுமானது. மின்சாரம் நின்றால் பதறத் தேவையில்லை. தோட்டத்துச் சுருள் குழாய்க்கு இதுவே பொருத்தம். ஸ்குரூவும் டையும் குளிரூட்டும் தொட்டியும் வேறு. பசை பூசி ஒட்ட முடியாது, வெப்பத்தால் இணைக்க வேண்டும். எங்கள் வீடுகளில் குழாய் வேலை செய்பவர்கள் பசை டப்பாவோடுதான் வருகிறார்கள்.

## எந்த நிலையில் எது

| நிலை | ஈயம் | கல்சியம்-நாகம் | வெள்ளீயம் |
|---|---|---|---|
| குறையிடத்துக் குளோரீனை மாற்றுதல் | மந்தம் | விரைவு | விரைவு |
| பிறக்கும் குளோரைட்டு | சும்மா இருக்கும் | நாகக் குளோரைட்டு சிதைவை ஊக்கும் | மூர்க்கம் குறைவு |
| பரலில் தேங்கினால் | நெடுநேரம் தாங்கும் | திடீரெனக் கறுக்கும் | நன்கு தாங்கி மெல்ல மஞ்சளாகும் |
| ஊர்ப் பழைய குழாய் அரைத்தது | ஒத்துப்போகும் | மிகுந்த கவனம் தேவை | ஆகாது |
| குடிதண்ணீர்க் குழாய் | கூடாது | சான்றுள்ள கலவையானால் ஆகும் | சான்றுள்ள வகையானால் ஆகும் |

புதிய கே 67 றெசின், சொந்த வெட்டுத்துண்டு, ஜெனரேற்றர் உள்ள பட்டறை என்றால் கல்சியம்-நாகம். தெளிவான பொருளும் நல்ல மிக்சரும் இரட்டை ஸ்குரூவும் உள்ளவருக்கு வெள்ளீயம். ஜெனரேற்றருக்குப் பணமில்லை, அரைத்த துண்டே முதல் என்பவர், உறுதியாக்கியை மாற்றுவதற்கு முன் அரைத்த பங்கைக் குறைப்பதே நல்லது. அது ஈயத்துக்கும் மற்ற இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரிய வேறுபாட்டைத் தரும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். மூன்று கலவைகளையும் ஒரே றெசினில், உங்கள் வழக்கமான அரைத்த பங்கோடு கலந்து, மெல்லிய தகடாக்கி, ஒரே அளவு துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். காற்றோட்டமுள்ள ஆய்வுகூட அடுப்பை 180 பாகையில் நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டாக வெளியே எடுத்து ஓர் அட்டையில் வரிசையாக ஒட்ட வேண்டும். அமில வாயு வருவதால் சமையல் அடுப்பில் ஒருபோதும் செய்யக்கூடாது. ஈய வரிசை மங்கலாகத் தொடங்கி மெல்லச் சாம்பலாகும். வெள்ளீய வரிசை நெடுந்தூரம் தெளிவாக ஓடி மஞ்சளில் இறங்கும். கல்சியம்-நாக வரிசையில் ஒரு துண்டு வெள்ளையாகவும் அடுத்த துண்டு கறுப்பாகவும் நிற்கும் இடம் ஒன்று வரும். அந்த இடம் எத்தனையாவது நிமிடம் என்பதும், உங்கள் பரலில் பொருள் நிற்கும் நேரத்தோடு மின்சாரம் நின்றால் காலி செய்ய எடுக்கும் நேரத்தைக் கூட்டினால் வருவதும் நெருங்கியிருந்தால் அந்தக் கலவை உங்களுக்குப் போதாது. நேரத்தைக் கூட்டிய பிறகும் நல்ல இடைவெளி இருந்தால் வணிகரிடம் முன்பணம் கொடுக்கலாம். அட்டையில் றெசின் மூட்டையின் தொகுதி இலக்கத்தை எழுதி வைத்து, இலக்கம் மாறும்போது அதே சோதனையைத் திரும்பச் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.